நஜ்ஜாஷியின் நாடும் பத்து விழுக்காட்டு வளர்ச்சியும்

எத்தியோப்பியா என்ற பெயரைக் கேட்டவுடன் நம் சமுதாயத்தவர் மனத்தில் இரண்டு காட்சிகளே எழுகின்றன. ஒன்று, மக்தபில் ஓதிய காலத்தில் உஸ்தாத் சொல்லித் தந்த அபீசீனிய ஹிஜ்ரத். மற்றொன்று, 1984-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய்த் தாயின் மடியில் கிடந்த குழந்தையின் படம். மெலிந்த பிள்ளையைக் கண்டால் அந்நாட்டின் பெயரைச் சொல்லிக் கேலி செய்யும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. பிலால் (ரலி) அவர்களின் பூர்விக மண் அது என்பதை நன்கறிந்தவர்களும் அவ்வாறே பேசுகிறார்கள்.

அண்மைக் காலமாக மூன்றாவதாக ஒரு காட்சி கைப்பேசிகளில் உலவுகிறது. அடிஸ் அபாபாவின் வானளாவிய கட்டடங்கள், மின்சார ரயில், நீல நைல் நதியின் குறுக்கே எழுந்துள்ள மாபெரும் அணை. உறுதியான ஓர் ஆட்சி அமைந்தால் பஞ்ச பூமியும் இப்படி மாறும், உரிமை, நீதி என்பவற்றையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற கருத்து அப்படங்களோடு சேர்ந்தே வருகிறது. நம் இளைஞர்கள் பலர் இதனை வியப்போடு ஏற்றுக்கொள்கிறார்கள். பெரியவர்களோ, "துன்யாவின் பகட்டுதானே இது" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறார்கள். இவ்விரு சாராரிடமும் நமக்கு உடன்பாடில்லை.

முதலில் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். அந்நாட்டில் நிகழ்ந்த வளர்ச்சி வெறும் பகட்டன்று. 2004 முதல் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் எத்தியோப்பியாவின் பொருளாதாரம் ஆண்டுக்குச் சராசரியாகப் பத்து விழுக்காட்டை ஒட்டி வளர்ந்தது. அவ்வேகத்தில் செல்லும் பொருளாதாரம் ஏழு, எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அரசு வெளியிட்ட கணக்கில் மிகை உண்டு என்று கூறும் பொருளியலாளர்களும் உளர். ஆயினும் கணக்கை விட்டு மனிதர்களைப் பார்த்தாலும் மாற்றம் தெரிகிறது. 2000-ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு 44 பேர் அந்நாட்டின் வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருந்தனர். 2016-இல் அது 24-ஐ ஒட்டிக் குறைந்தது. சராசரி ஆயுட்காலம் அதே காலத்தில் ஏறத்தாழ 50-இலிருந்து 65 ஆண்டுகளாக உயர்ந்தது.

இது எப்படி நடந்தது என்பதில் நம்மை மிகவும் கவர்ந்தது அணையும் ரயிலும் அல்ல. 2003-இல் தொடங்கிய கிராமச் சுகாதாரத் திட்டமே. பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டு பயிற்சியளித்து, கெபெலே எனப்படும் ஒவ்வொரு சிற்றூர்ப் பிரிவுக்கும் இருவராக அரசு ஊதியத்தில் நியமித்தார்கள். இவ்வாறு 30,000-க்கும் மேற்பட்ட பெண்கள் வீடு வீடாகச் சென்றார்கள். தடுப்பூசி, மகப்பேறு, கழிப்பறை, கொசுவலை என்று அவர்கள் பேசியவை யாவும் எளிய செய்திகள். அவற்றால் ஐந்து வயதை எட்டாமல் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் என்ற திருமறையின் கருத்தை மேடைதோறும் எடுத்துரைக்கும் நாம், ஓர் ஏழை நாடு அதனைச் செய்துகாட்டும்போது ஏளனம் செய்யலாகாது. வறுமையிலிருந்து பாதுகாப்புத் தேடிப் பெருமானார் (ஸல்) அவர்கள் துஆச் செய்துள்ளார்கள். வறுமை ஒழிவது அல்லாஹ்வின் அருட்கொடை. அதை அருட்கொடை என்றே சொல்ல வேண்டும்.

கல்வியிலும் இதே வேகம். 1990-களின் தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க பல்கலைக்கழகங்களே இருந்த நாட்டில் இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட அரசுப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. அவற்றுக்குப் போதிய ஆசிரியர்கள் உள்நாட்டில் கிடைக்காமையால் இந்தியாவிலிருந்து ஏராளமான விரிவுரையாளர்கள் சென்றார்கள். தமிழகத்தவரும் அவர்களுள் கணிசமாக இருந்தனர். அங்குச் சென்று வந்தவர் எவரேனும் உங்கள் மஹல்லாவிலோ தெருவிலோ இருக்கக்கூடும். அவரிடம் கேட்டுப் பாருங்கள். பஞ்சக் குழந்தையின் படத்தை விடப் பயனுள்ள செய்திகள் கிடைக்கும்.

இனி இளைஞர்களுக்கு.

இவ்வளர்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். 2012-இல் இறக்கும்வரை ஆட்சி செலுத்திய மெலஸ் செனாவி, தென்கொரியாவும் தைவானும் சென்ற வழியைத் தம் நாட்டுக்கும் வகுத்தார். அரசே முன்னின்று சாலை, மின்சாரம், ரயில், தொழிற்பூங்கா ஆகியவற்றை அமைக்கும்; அவற்றைப் பற்றிக்கொண்டு தொழில்கள் வளரும்; ஏற்றுமதி பெருகும்; கடன் அடையும் என்பது திட்டம். அடிஸ் அபாபாவிலிருந்து ஜிபூட்டி துறைமுகம் வரை ஏறத்தாழ 750 கிலோமீட்டர் மின்சார ரயில் பாதை 2016-இல் திறக்கப்பட்டது. அதற்கான செலவின் பெரும்பகுதி சீன வங்கி தந்த கடன். தலைநகரின் நகர்ப்புற ரயில் 2015-இல் ஓடத் தொடங்கியது. அதுவும் சீனக் கடனே. சில ஆண்டுகளில் உதிரிப்பாகம் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமல் அதன் பெட்டிகள் பல பணிமனையில் முடங்கின.

உள்நாட்டிலும் பணம் திரட்டப்பட்டது. 2011-இல் வந்த ஓர் ஆணைப்படி, தனியார் வங்கிகள் தாம் வழங்கிய ஒவ்வொரு கடனுக்கும் அதன் 27 விழுக்காட்டுத் தொகையை அரசின் பத்திரங்களில் மூன்று விழுக்காட்டு வட்டிக்கு முடக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டிலேயே விலைவாசி ஏற்றம் முப்பது விழுக்காட்டைத் தாண்டியது. வங்கியில் சேமித்த எளியவரின் பணம் கண்முன்னே கரைந்துபோயிற்று. கரைந்த பகுதியைக் கொண்டு அரசு கட்டிக்கொண்டது. வரி என்ற பெயர் இதற்கு இல்லையே தவிர, வேறு எல்லா வகையிலும் இது வரிதான். செல்வர்கள் நிலத்திலும் டாலரிலும் தப்பித்துக்கொள்ள, நாணயத்தை நம்பியவர் செலுத்திய வரி.

அணையைப் பற்றி மட்டும் நாம் வேறுவிதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நைல் நீர் தொடர்பாக எகிப்துடன் இருந்த பிணக்கினால் உலக நிதி நிறுவனங்கள் அதற்குக் கடன் தர முன்வரவில்லை. 2011-இல் வேலை தொடங்கியபோது அரசு தன் மக்களிடமே கை நீட்டியது. அரசு ஊழியர்கள் ஒரு மாத ஊதியத்துக்கு நிகரான தொகைக்குக் கடன் பத்திரம் வாங்கினார்கள். மனமுவந்து கொடுத்தவர் பலர், மறுக்க இயலாமல் கொடுத்தவரும் உண்டு. 5,150 மெகாவாட் திறனுள்ள அந்த அணை 2025 செப்டம்பரில் திறந்துவைக்கப்பட்டது. நீரைப் பகிர்ந்துகொள்வதில் கீழ்நாடுகளான சூடானுக்கும் எகிப்துக்கும் உள்ள அச்சம் நியாயமற்றதென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் ஓர் ஏழை மக்கள் தம் கைப்பணத்தால் எழுப்பியது அது என்பதை மதிக்கிறோம்.

வெளிக்கடனின் கதை வேறு. 2014 டிசம்பரில் எத்தியோப்பியா நூறு கோடி டாலருக்கு, 6.625 விழுக்காட்டு வட்டியில், பத்தாண்டுக் கடன் பத்திரங்களை உலகச் சந்தையில் விற்றது. 2023 டிசம்பரில் அதற்குரிய 3.3 கோடி டாலர் வட்டித் தவணையைச் செலுத்த இயலாமல் கடன் தவறிய நாடாயிற்று. 2024 ஜூலையில் சர்வதேச நாணய நிதியத்தின் 340 கோடி டாலர் உதவியைப் பெறுவதற்காகத் தன் நாணயமான பிர்ரின் மதிப்பைச் சந்தையின் போக்குக்கு விட்டது. ஒரு டாலருக்கு 57 ஆக இருந்த பிர் சில வாரங்களில் நூறைத் தாண்டியது. இறக்குமதியாகும் மருந்தும் சமையல் எண்ணெயும் யார் வீட்டுச் செலவை முதலில் உலுக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இவ்விடத்தில், "பார்த்தீர்களா, வட்டியின் விளைவு இதுதான்" என்று முடித்துவிட்டு மிம்பரிலிருந்து இறங்கிவிடுவது எளிது. அது பாதி உண்மையே. வட்டி ஹராம் என்பதில் ஐயமில்லை; அதன் சுமை அந்நாட்டை அழுத்தியதிலும் ஐயமில்லை. ஆனால் கடனை டாலரில் வாங்கி, வருவாயைப் பிர்ரில் ஈட்டிய நாடு அது. காப்பிக்கொட்டை, எள், பூக்கள் என்று ஏற்றுமதிப் பொருள்களின் மதிப்பு ஆண்டுக்கு 300 கோடி டாலரை ஒட்டியே பல ஆண்டுகள் நின்றுவிட்டது. வளர்ச்சியின் பெரும்பகுதி சிமெண்டிலும் கம்பியிலும் இருந்தது. வட்டியே இல்லாத கடனாக இருந்திருந்தாலும் முதலைத் திருப்பித் தர டாலர் வேண்டுமே. ஃபத்வாவோடு கணக்கையும் சேர்த்துப் படித்தால்தான் நம் சொல்லுக்கு மதிப்பிருக்கும்.

இக்கணக்குக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. அதை விளங்கிக்கொள்ள மக்தபில் படித்த அந்த ஹிஜ்ரத்துக்கே திரும்ப வேண்டும்.

நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டில் முஸ்லிம்களை எங்கே அனுப்புவது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எண்ணியபோது, செல்வம் கொழித்த பாரசீகமோ பைஸாந்தியமோ தெரிவு செய்யப்படவில்லை. அபீசீனியாவைச் சுட்டியதற்கு அவர்கள் கூறிய காரணம், அங்குள்ள அரசரிடத்தில் எவருக்கும் அநீதி இழைக்கப்படுவதில்லை என்பதே. அடைக்கலம் புகுந்தவர்களை மீட்டு வரக் குறைஷியர் இருவரை அனுப்பினார்கள். அவர்கள் வெறுங்கையோடு செல்லவில்லை. அபீசீனியர் விரும்பும் மக்கத்துத் தோல் பொருள்களை அரசவைப் பெரியவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கொடுத்து, பிறகே மன்னரைச் சந்தித்தார்கள். பரிசு பெற்றவர்கள் ஒருமித்துச் சொன்னார்கள்: இந்த அகதிகளை ஒப்படைத்துவிடலாம். மன்னர் மறுத்தார். அகதிகளை அழைத்து, ஜஅஃபர் (ரலி) அவர்களின் வாயால் அவர்கள் தரப்பைக் கேட்டார். கேட்ட பின் பரிசுகளையெல்லாம் திருப்பித் தரச் சொன்னார்.

இந்நிகழ்ச்சியில் வெளிநாட்டுப் பொருள் இருக்கிறது, அதனால் பயன்பெறும் அதிகார வட்டம் இருக்கிறது, குரலற்ற ஒரு சிறு கூட்டமும் இருக்கிறது. அக்கூட்டத்தாரின் சொல்லைக் கேட்காமல் முடிவெடுப்பதில்லை என்று அரசர் நின்றார். அதே மண்ணில் பத்து விழுக்காட்டு வளர்ச்சியின் காலத்தில் நடந்ததை இதனருகே வைத்துப் பார்க்கிறோம்.

எத்தியோப்பியாவில் நிலம் அரசுக்கும் மக்களுக்கும் பொதுவானது என்கிறது 1995-ஆம் ஆண்டு அரசியல் சாசனம். உழவருக்கு உழுதுண்ணும் உரிமை உண்டு, விற்கும் உரிமை இல்லை. நகரம் விரிந்து வந்து நிலத்தை எடுத்துக்கொண்டால், மண்ணின் சந்தை மதிப்புக்கு இழப்பீடு கிடையாது. விளைச்சலின் மதிப்புக்கே உண்டு. அதே நிலம் மறுநாள் குத்தகை ஏலத்தில் பன்மடங்கு விலை போகும். அடிஸ் அபாபாவைச் சுற்றிலும் வாழ்ந்த ஒரோமோ உழவர்கள் இவ்வாறு ஒதுக்கப்பட்டு வந்த வேளையில், தலைநகரை அவர்களுடைய மாநிலத்துக்குள் இன்னும் விரிக்கும் பெருந்திட்டம் ஒன்று வந்தது. 2015 நவம்பரில் போராட்டம் வெடித்தது. 2016 ஜனவரியில் திட்டம் கைவிடப்பட்ட பின்னும் கோபம் தணியவில்லை. அரசின் மனித உரிமை ஆணையமே அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததாகப் பின்னர்க் கூறியது. 2016 அக்டோபரில் வெளிநாட்டவரின் பூந்தோட்டங்களும் ஆலைகளும் தீக்கிரையாயின, நாட்டில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. கேட்டறிய மறுத்ததற்கு அரசு கொடுத்த விலையில் அவ்வாலைகளும் அடங்கும்.

நம் சகோதரர்களும் அங்கே இதே மறுப்பைச் சந்தித்தவர்களே. 2007-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் மூன்றிலொரு பங்கினர் முஸ்லிம்கள். தம் மார்க்க அமைப்பின் நிர்வாகத்தில் அரசு தலையிடுகிறதென்று 2012-இல் ஜும்ஆதோறும் அமைதியாகக் கூடி முறையிட்டார்கள். அவர்கள் சார்பில் பேசத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் சிறைக்குச் சென்றார்கள். வட்டியில்லா வங்கி தொடங்கப் பங்குதாரர்கள் முன்வந்தபோது, முழுமையான வங்கிக்கு இடமில்லை; மற்ற வங்கிகளுக்குள் ஒரு தனிப் பிரிவாக நடத்திக்கொள்ளலாம் என்று 2011-இல் விதி வந்தது. வளர்ச்சிக்காகச் சேமிப்பைத் தேடி அலைந்த ஓர் அரசு, மூன்றிலொரு பங்கு மக்களின் சேமிப்பு வந்து சேரக்கூடிய வாசலைத் தானே சாத்திக்கொண்டது விந்தை. 2019-இல் அத்தடை நீங்கியது. 2021-இல் ஸம்ஸம் வங்கியும் ஹிஜ்ரா வங்கியும் திறக்கப்பட்டன. இரண்டாவதற்கு அப்பெயரைச் சூட்டியவர்களின் உள்ளத்தில் இருந்த நினைவு நமக்கும் உரியதல்லவா?

ஹவாசா நகரத்துத் தொழிற்பூங்காவையும் சொல்லியாக வேண்டும். 2016-இல் திறக்கப்பட்டது. உலகின் பெயர்பெற்ற ஆடை நிறுவனங்களும் இந்திய நிறுவனங்களும் வந்தன. தனியார் துறைக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இல்லாத நாடு என்பது வந்தவர்களுக்கு வசதியாயிற்று. மாதம் 26 டாலர் அடிப்படை ஊதியத்தில் கிராமத்துப் பெண்கள் தையல் பொறியின் முன் அமர்ந்தார்கள். ஆடை தைக்கும் நாடுகளிலேயே மிகக் குறைந்த கூலி அது என்று 2019-இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வொன்று காட்டியது. வாடகைக்கும் உணவுக்கும் போதாமல் பலர் சில மாதங்களில் ஊர் திரும்பினார்கள். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலி தரப் பணிக்கும் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். எவ்வளவு கூலி என்பதையும் பேசியாக வேண்டும். அதே காலத்தில் ஆயிரமாயிரம் எத்தியோப்பியப் பெண்கள் வளைகுடா வீடுகளுக்குப் பணிப்பெண்களாகப் போய்க்கொண்டிருந்தார்கள். 2013-இலும் அடுத்த ஆண்டிலுமாகச் சவூதி அரேபியா திருப்பியனுப்பிய எத்தியோப்பியர் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அங்கு வேலை பார்க்கும் நம்மவர்கள் அவர்களைப் பார்த்திருப்பார்கள். பத்து விழுக்காடு வளரும் நாட்டை விட்டு இத்தனை பேர் ஏன் ஓடி வருகிறார்கள் என்று கேட்கத் தோன்றியிருக்காது.

பிறகு போர் வந்தது. 2018-இல் பதவியேற்ற அபிய் அகமது மறு ஆண்டே அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். 2020 நவம்பரில் திக்ராய் மாநிலத்தில் போர் மூண்டது. இரண்டாண்டுகளில் ஆறு லட்சம் பேர் வரை மாண்டிருக்கலாம் என்று அமைதிப் பேச்சை நடத்திய ஆப்பிரிக்க ஒன்றியத் தூதர் ஒபசாஞ்சோ கூறினார். அப்போர் பொருளாதாரத்தையும் விடவில்லை. மனித உரிமை மீறல்களைக் காரணம் காட்டி 2022 ஜனவரி முதல் அமெரிக்கா தன் வரிச்சலுகையை நிறுத்தியது. அதற்கு முன்னரே ஹவாசாவின் முதன்மை நிறுவனம் தன் ஆலையை மூடப்போவதாக அறிவித்துவிட்டது. 26 டாலரும் போயிற்று.

திக்ராயில் நெகாஷ் என்றொரு சிற்றூர் உள்ளது. முதல் ஹிஜ்ரத்தில் சென்றவர்களுள் சிலர் அங்கே அடங்கியிருப்பதாக அவ்வூர் மக்கள் போற்றி வருகிறார்கள். நஜ்ஜாஷி மன்னரின் பெயரால் பள்ளிவாசல் இருக்கிறது. மன்னர் மறைந்த செய்தி வந்தபோது மதீனாவில் பெருமானார் (ஸல்) அவர்கள் சஹாபாக்களை அணிவகுக்கச் செய்து ஜனாஸா தொழுகை நடத்தினார்களே, அவருடைய பெயர்தான். 2020-இன் இறுதியில் அப்பள்ளிவாசல் பீரங்கிக் குண்டுகளால் சேதமடைந்தது, சூறையாடவும்பட்டது. அண்மைய ஆண்டுகளில்தான் துருக்கியின் உதவியோடு அதைச் செப்பனிட்டு முடித்திருந்தார்கள்.

வளர்ச்சி விழுக்காடு மீண்டும் ஏறத் தொடங்கியிருக்கிறது என்று செய்திகள் வருகின்றன. அம்ஹாரா மாநிலத்தில் 2023-இல் தொடங்கிய சண்டை குறித்த செய்திகளும் வருகின்றன. அடிஸ் அபாபாவை அழகுபடுத்தும் திட்டம் ஒன்று 2024 முதல் வேகமாக நடக்கிறது. அகன்ற நடைபாதைகள், மிதிவண்டிப் பாதைகள், இரவில் ஒளிரும் விளக்குகள். இவற்றுக்காகப் பியாஸா போன்ற பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. தலைமுறைகளாக அங்கே கடை வைத்தும் குடியிருந்தும் வந்தவர்கள் குறுகிய கால அறிவிப்பில் நகரின் ஓரங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். நம் இளைஞர்கள் இப்போது பகிர்ந்து வரும் படங்களில் பல அந்த நடைபாதைகளுடையவை. படங்கள் அழகாகவே இருக்கின்றன. அவ்விடத்தில் முன்பு குடியிருந்தவர்களிடம் எவரேனும் கேட்டார்களா என்பது மட்டும் அவற்றில் தெரியவில்லை.